ரைட்டர் என்றொரு ஆள்

நாகலூர் எஸ்டேட் விடுதியின் இணையதளம் சூதாட்ட விளம்பரமாக மாறியதற்கு அதைப் பார்த்துக்கொண்டிருந்த மெல்வின்தான் காரணம். தளத்தில் படங்கள் காட்டும் பிளக்கின் என்ற துணைநிரலை அப்டேட் செய்தால் காப்பிப்பூப் படம் இடம் மாறிவிடுமோ என்று பயந்து, எட்டு மாதமாகத் தள்ளிப் போட்டிருந்தான். அந்த ஓட்டை வழியாக யாரோ உள்ளே புகுந்துவிட்டார்கள். தளம் இனி தன் பொறுப்பில் இருக்குமா என்று முதலாளியம்மாவிடம் கேட்டான். "சரிபண்ண வர்றவங்க சொல்லட்டும் கண்ணு" என்றுவிட்டார்.

தளத்தைச் சரிபண்ண சேலத்திலிருந்து வந்த ஹேமலதா பதறவில்லை. முதலில் தளத்தை மூடினாள். பிளக்கினைத் தூக்கினாள். பிறகு உள்ளே நுழைய அனுமதி பெற்றவர்களின் பட்டியலைப் பார்த்தாள்.

"ஏனுங்க, முழு அதிகாரத்தோட 'ரைட்டர்'னு ஒருத்தர் இருக்காரே, யாருங்க?"

"நம்ம எஸ்டேட்ல கணக்கெழுதுற ரைட்டர் பெரியநாயகம் ஐயாங்க. அம்மா சேத்துவிட்டாங்கன்னு நெனச்சேன்" என்றான் மெல்வின்.

பக்கத்து மேசையில் பெரியநாயகம் நிமிர்ந்தார். "எனக்கு இந்தப் பொட்டியத் தொறக்கவே தெரியாதே சாமி."

ஹேமலதா சிரிக்கவில்லை. உள்ளே புகுந்தவர்கள் உண்டாக்கியிருந்த திருட்டு 'ரைட்டர்' கணக்கை நீக்கி, பழைய நகலிலிருந்து தளத்தை மீட்டு, கடவுச்சொற்களை எல்லாம் மாற்றினாள். அவள் சிரிக்காததற்காகவே மெல்வினுக்குக் கும்பிடத் தோன்றியது.

"நேராச் சொல்லுங்க. இதை இனி நான் பாக்கலாமுங்களா?"

"தப்பு உங்களுதுதானுங்க. ஆனா மறைக்காம, தெரிஞ்ச அன்னிக்கே எங்களைக் கூப்பிட்டீங்க. நீங்களே பாருங்க."