குப்பை வண்டியில் ஒரு குரல்

மகள் மெத்தையைப் புரட்டிப் போட்டாள். தலையணை உறையை உதறினாள். இல்லை!

கூடத்தில் முகம் மூடிக் கிடந்தார் அப்பா. உயிர் போய்ச் சற்று நேரம்தான் ஆகிறது.

"சீக்கிரம்மா. தாடை இறுகிட்டா அப்புறம் வாயைத் திறக்க முடியாது" என்றார் உடலைத் தயார் செய்ய வந்தவர்.

புற்றுநோய் என்று மேல்தாடையில் ஒரு பக்கத்தை எடுத்த பிறகு, அப்பாவின் வாய்க்கும் மூக்குக்கும் நடுவே தடுப்பே இல்லை. குடித்த தண்ணீர் மூக்கில் வந்தது. பேசினால் வெறும் காற்று. சந்தையையே அதிரவைத்த ஏலக்காரருக்கு அந்தக் கதி! ரோஜா நிற பிளேட் ஒன்றுதான் ஓட்டையை அடைத்துக் குரலை மீட்டுக் கொடுத்தது.

அது இல்லாத முகத்தை அம்மாவுக்குக்கூட அவர் காட்டியதில்லை. மாட்டும்வரை அம்மா சுவர்ப் பக்கம் திரும்பி நிற்கவேண்டும். மாட்டியதும், "ஒரு தரம்... ரெண்டு தரம்... மூணு தரம்!" என்பார். அதன்பிறகுதான் திரும்பலாம். கை நடுங்க ஆரம்பித்ததும் மாட்டிவிடும் வேலை மகளுக்கு வந்தது. ஏலத்தை மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

இப்போதும் அம்மா சமையலறை வாசலைத் தாண்டவில்லை. "அது இல்லாம நான் உள்ள வந்தா கோவிச்சுக்குவாருடி."

அறையை ஒதுங்க வைத்துக்கொண்டிருந்த மாப்பிள்ளை எட்டிப் பார்த்தார். "மேஜை மேல டிஷ்யூ பேப்பர் கசங்கிக் கிடந்துச்சு... நான்தான் குப்பையில..."

"ஐயோ! இருமல் வந்தா கழட்டி அதுலதாங்க சுத்தி வைப்பாரு!"

"ஒதுங்க வைக்கச் சொன்னா சூறையாடிட்டீங்களே மாப்பிள்ளை!" என்றாள் அம்மா.

வாசல் குப்பைத்தொட்டி காலி. தெருமுனையில் லாரி திரும்பிக்கொண்டிருந்தது.

மகள் வெறுங்காலோடு பாய்ந்தாள். "நிறுத்துங்க! எங்கப்பாவோட வாய் அதுல இருக்கு!"

அப்படி ஒரு கூச்சலை ஓட்டுநர் கேட்டதே இல்லை. பிரேக் கிறீச்சிட்டது.

"எந்தப் பைம்மா?" லாரியின் பின்னால் நின்றவர் கேட்டார்.

"நீலப் பை. எங்க வீட்டுக்காரர் கட்டினது. முடிச்சு மேல முடிச்சா இருக்கும்!"

"இந்தா, இதானே? பொக்கிஷம் மாதிரில்ல கட்டியிருக்காரு!"

பல்லால் கிழித்தாள். தேயிலைச் சக்கை, ஆரஞ்சுத் தோல், கசங்கிய தாள்... ரோஜா நிறம்!

திரும்பி வந்த ஓட்டத்தில் எதிரே வந்த சைக்கிள் ஒன்று சாக்கடையில் இறங்கியது. அவள் பார்க்கவில்லை. கழுவி எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

உடலைத் தயார் செய்பவர் தாடையை அழுத்திப் பார்த்தார். "கொஞ்சம் இடம் கொடுக்குது. இப்பவே போட்டுடும்மா!"

"கிடைச்சிடுச்சா?" என்றபடி அம்மா விறுவிறுவென்று உள்ளே வந்தாள். வந்தவள், பழக்கத்தில், சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மகள் துணியை விலக்கினாள். பிளேட்டைச் சாய்த்து நுழைத்து, மிஞ்சியிருந்த கடைவாய்ப் பற்களில் கம்பியை மாட்டினாள். 'டக்'. குழிந்திருந்த கன்னம் மெல்ல மேலே வந்தது. அப்பா, அப்பாவாகவே இருந்தார்.

"அம்மா... போட்டாச்சும்மா."

அம்மா சுவரைப் பார்த்தபடியே நின்றுகொண்டிருந்தாள்.