வாய்க்கால் பாலமும் தாழ்தள பஸ்ஸும்

எனக்கும் பகலவனுக்கும் ஒரே நாளில்தான் டிரைவர் வேலை கிடைத்தது. பதினெட்டு வருஷமாக ஒரே டெப்போ, ஒரே காக்கி, ஒரே டீக்கடை. அவனைப் பார்த்து என் வயிறு எரிந்ததே இல்லை. எரிய வைக்கும்படி அவனிடம் அப்படி என்ன இருந்தது?

தஞ்சாவூரில் ஆசியப் பெண்கள் கபடிப் போட்டி நடக்கப்போகிறது என்று அறிவித்த பிறகுதான் எல்லாம் மாறியது. பன்னிரண்டு நாட்டுக்காரர்கள் வருகிறார்கள் என்று ஊரையே புரட்டிப் போட்டார்கள். பஸ் நிறுத்தங்களுக்குக் கண்ணாடிக் கூரை வந்தது. எட்டுப் புது மின்சார பஸ்கள் டெப்போவில் வந்து நின்றன. தாழ்தள வண்டி. படியே கிடையாது, காலை எடுத்து வைத்தால் உள்ளே இருப்போம். அடுத்த நிறுத்தம் எது என்று ஒரு பெண் குரல் தமிழிலும் இங்கிலீஷிலும் சொல்லும். என் டவுன் பஸ்ஸில் மழை பெய்தால் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தபடியே குளித்துவிடலாம். அந்த எட்டில் ஒன்றை ஓட்டாமல் ரிட்டயர் ஆகக் கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

தேர்வு வைத்தார்கள். அந்த வண்டியில் கியரும் இல்லை, கிளட்சும் இல்லை. என் இடது கால் சும்மா இருக்குமா? கிளட்ச் என்று நினைத்து பிரேக்கை ஓங்கி மிதித்தேன். பயிற்சி கொடுக்க வந்தவர் போய் முன்கண்ணாடியில் முட்டிக்கொண்டார். பகலவனோ இடது காலை மடக்கி வைத்துக்கொண்டு, தூங்குகிற பிள்ளையைத் தூக்கிப் போவதுபோல ஓட்டிக் காட்டினான். எட்டுப் பேரில் அவன் பெயர் இருந்தது. காத்திருப்போர் பட்டியலில் முதல் பெயர் என்னுடையது.

அவனுக்கு நீலச் சட்டை கொடுத்தார்கள். பேப்பரில் போட்டோ வந்தது. என் மனைவி ஜெயபாரதி அதை மெனக்கெட்டு என்னிடமே கொண்டுவந்து காட்டினாள்.

“பகலவன் அண்ணன் எவ்ளோ லட்சணமா இருக்காரு பாருங்க.”

“சட்டை லட்சணமா இருக்கு. அவன் எப்பவும்போலத்தான் இருக்கான்.”

“உங்களுக்கு வயித்தெரிச்சல்.”

“ஆமா, வயித்தெரிச்சல்தான். இப்ப என்னாங்குற?”

அவள் சிரித்தாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. அவனுக்கு ஏதாவது ஆகட்டும் என்று நினைத்தேன். பெரிதாக ஒன்றும் வேண்டாம், அந்தச் சட்டையைக் கழற்றும் அளவுக்கு ஆனால் போதும்.

விளையாட வரும் பெண்களைக் கீழமங்கலத்தில் ஒரு கல்லூரி விடுதியில் தங்க வைத்தார்கள். பகலவனுக்கு அந்த ரூட். அது பதினோரு வருஷமாக நான் ஓட்டும் ரூட். சாலையை அகலப்படுத்திப் புதுத் தார் போட்டார்கள். வழியில் இருக்கும் வாய்க்கால் பாலத்தை மட்டும் தொடவில்லை. மேட்டூர் அணை திறந்து குறுவை நெல்லுக்குத் தண்ணீர் ஓடுகிற நேரத்தில் வாய்க்காலை அடைக்க யார் விடுவார்கள்?

அந்தப் பாலம் நடுவில் கூன் போட்டிருக்கும். வெள்ளோட்டம் விட்ட அன்று வண்டி காலி, நாலு அதிகாரிகள்தான் இருந்தார்கள், தட்டாமல் போய்விட்டது. ஆள் நிறைந்தால் வண்டி அமுங்கும், அடி தட்டும். அறுவடை இயந்திரம் ஏற்றிவந்த தாழ்வான லாரி ஒன்று அங்கே மாட்டிக்கொண்டதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். தப்பிக்க வழியும் எனக்குத் தெரியும். டிராக்டர்கள் ஏறி ஏறி வலது ஓரம் அமுங்கிக் கிடக்கிறது. எதிரே வண்டி வராதபோது அந்தப் பக்கமாகச் சாய்த்து ஏற்றினால் சிக்கல் இல்லை.

போட்டி தொடங்கும் நாள் காலையில் பகலவன் என்னைத் தேடி வந்தான்.

“சாமிதுரை அண்ணே, அந்த ரூட்டு ஒங்களுக்கு அத்துப்படி. எங்கயாச்சும் பாத்துப் போவணுமா?”

நீலச் சட்டையில் இஸ்திரி மடிப்புகூடக் கலையவில்லை. நான் அதையே பார்த்தேன்.

“ஒண்ணுமில்லப்பா. நேராப் போ.”

அவன் நேராகத்தான் போனான். நான் என் வண்டியோடு பத்து நிமிஷம் கழித்து அங்கே போனபோது புது பஸ் பாலத்தின் கூனில் வயிறு பதிய உட்கார்ந்திருந்தது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. தாய்லாந்து அணிப் பெண்களும் கூட வந்தவர்களுமாக நாற்பது பேர் இறங்கித் தள்ளிக்கொண்டிருந்தார்கள். நடவு வயலில் நின்றவர்கள் கரையேறி வந்து போன் எடுத்துப் படம் பிடித்தார்கள். பகலவன் சட்டையெல்லாம் சேறாகித் தரையில் படுத்து வண்டிக்கு அடியில் பார்த்துக்கொண்டிருந்தான். பொய் சொல்வானேன், எனக்குக் குளுகுளுவென்று இருந்தது. அந்த நிலையிலும் இரண்டு பெண்கள் அவனோடு செல்ஃபி எடுத்தார்கள். அதற்கும் எரிந்தது.

பேட்டரி மூடி உடைந்துவிட்டது. அந்த அணி முதல் ஆட்டத்துக்கு அரை மணி நேரம் தாமதமாகப் போனது. பகலவனுக்கு மெமோ கொடுத்து, புது வண்டியிலிருந்து இறக்கிவிட்டார்கள். பாலத்தில் நேராக ஏற்றச் சொன்னது யார் என்று அவனைக் கேட்டிருக்கிறார்கள். யாரும் சொல்லவில்லை, தன் கவனக்குறைவுதான் என்று எழுதிக் கொடுத்துவிட்டானாம். பட்டியலில் அடுத்த பெயர் என்னுடையது அல்லவா? என் டவுன் பஸ் அவனுக்கு, அவன் பஸ் எனக்கு.

மூன்றாம் நாள் காலை சாவியைக் கொடுக்க வந்தான், பழைய காக்கியில். முகத்தில் கோபம் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். இருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

“அண்ணே, பாலத்துல நேரா ஏத்திறாதீங்க. நேத்து சைக்கிள்ல போயி எறங்கிப் பாத்தேன். வலது ஓரம் அமுங்கிக் கெடக்கு. அந்தப் பக்கமா சாய்ச்சு ஏத்துங்க, அடி தட்டாது.”

நான் சாவியை வாங்கிக்கொண்டேன். அவனே தொடர்ந்தான்.

“ஒங்க வண்டி ஒசரம். இது ஒங்களுக்கு எப்படித் தெரியும்? நான்தான் பாத்துப் போயிருக்கணும். எனக்கு ஆனது ஒங்களுக்கும் ஆவக் கூடாதுல்ல.”

தெரியும் என்று நாக்கு வரை வந்துவிட்டது. தெரியும் என்று சொன்னால் அன்றைக்கும் தெரிந்திருந்தது என்றாகிவிடும்.

“நல்லவேளை சொன்ன, பகலவா” என்றேன்.

அவன் என் தோளைத் தட்டிவிட்டு டவுன் பஸ்ஸை நோக்கி நடந்தான். ஆசைப்பட்ட சாவி என் கையில் இருந்தது. அப்போதும் அவன் மேல்தான் எனக்குப் பொறாமையாக இருந்தது.