வீட்டுக்குள் வந்த சிவப்புப் பெட்டி

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் குறைப்பட்டுக்கொள்ள வேண்டாம். இருபத்திரண்டு வருடமாக ரேஸ் சைக்கிள்களைப் பழுதுபார்க்கிற கடை வைத்திருக்கிறேன். இந்தத் தொழிலில் இரண்டு கட்சி உண்டு. கியர், பிரேக், செயின் எல்லாவற்றையும் ஒரு கம்பெனி நீலப் பெட்டியில் போட்டு அனுப்புகிறது, இன்னொரு கம்பெனி சிவப்புப் பெட்டியில் அனுப்புகிறது. நான் நீலம். 'சிவப்பு வண்டிகள் தொடப்படமாட்டா' என்று வாசலில் பலகையே மாட்டி வைத்திருந்தேன். தெரியாத்தனமாக யாராவது சிவப்பு வண்டியை உருட்டிக்கொண்டு வந்தால், அதற்கு வைத்தியர் இரண்டு தெரு தள்ளி இருக்கிறார் என்று கை காட்டிவிடுவேன்.

அந்த வைத்தியர் வேறு யாருமில்லை, என் மச்சினன். மனைவியின் கூடப்பிறந்த தம்பி. அவன் உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை சிவப்பு. இரண்டு பேரும் ஒரே மேசையில் சாப்பிட உட்கார்ந்தால் எலியும் பூனையும்தான். என்னுடைய நீலக் கியரை எல்லாம் கண்ணாடிப் பெட்டியில் வைத்து டிக்கெட் போட்டுக் காட்டலாம் என்பான். கியர் மாற்றப் பாட்டரி வைத்து, சைக்கிளுக்குச் சார்ஜ் போடுகிறவனோடு எனக்கு என்ன பேச்சு என்று நான் திருப்பிக் கொடுப்பேன். நடுவில் உட்கார்ந்து என் மனைவி சிரித்துக்கொண்டிருப்பாள்.

அவள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறாள். சைக்கிளில் என்னைவிடக் கெட்டிக்காரி, இதை ஒப்புக்கொள்ளவே எனக்குப் பத்து வருடம் பிடித்தது. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் இரண்டு பேரும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஏறுகிற மலைச்சாலைக்குப் போவோம். ஏழு வளைவு. யார் கடைசியாக மேலே போகிறார்களோ அவர்கள் இரண்டு வண்டியையும் கழுவ வேண்டும். விட்டுக்கொடுப்பது, காத்திருப்பது என்ற பேச்சே கிடையாது. பதினான்கு வருடத்தில் அதிகமாகக் கழுவியது நான்தான்.

போன வருடம் மழை ஓய்ந்த பிறகு அவள் ஓட்டுகிற விதம் மாறியது. மேடு வந்தால் யாராக இருந்தாலும் கியரை இலகுவாக்கிக்கொண்டு உட்கார்ந்தபடி மிதிப்பார்கள். அவள் கனமான கியரிலேயே எழுந்து நின்று, பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினாள். யாருக்குக் காட்ட இந்தப் பந்தா என்று கேலி செய்தேன். சிரித்தாள். பிறகு பின்தங்க ஆரம்பித்தாள். ஒரு வாரம் வயிற்று வலி, அடுத்த வாரம் தூக்கம் போதவில்லை, அதற்கடுத்த வாரம் துணி துவைக்க வேண்டும். கடைசியில் ஒரு ஞாயிறு காலை, டீயை ஆற்றிக்கொண்டே, தனக்குச் சலித்துப்போய்விட்டது, வண்டியை யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்றாள்.

சரி என்றேன். அவளுக்கு வண்டி சலிக்கவில்லை, நான்தான் சலித்துவிட்டேன் என்று எனக்குள் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன்.

செவ்வாய்க்கிழமை அவள் வண்டியைக் கடையில் ஸ்டாண்டில் மாட்டினேன். கொடுப்பதென்றாலும் அழுக்கோடு கொடுக்க மனசு வரவில்லை. பின்சக்கரத்தில் பதினொரு பல்சக்கரம் ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கும். பெரிய பல்சக்கரத்தில் செயின் ஏறினால் மிதிக்க இலகு, சின்னதில் இறங்கினால் கனம். துணியை வைத்துத் துடைக்கப் போனவன் அப்படியே நின்றுவிட்டேன். பெரிய சக்கரங்கள் நாலிலும் எண்ணெய்க் கறுப்பே இல்லை. வெறும் தூசி படிந்து கிடந்தது. நடுவில் இருந்த மூன்றின் பற்கள் மட்டும் தேய்ந்து கூராகிவிட்டிருந்தன. பல மாதமாக அவள் இலகு கியருக்குப் போகவே இல்லை என்று அர்த்தம்.

கேபிள் இறுகியிருக்குமோ என்று தள்ளிப் பார்த்தேன். வெண்ணெய் மாதிரி நகர்ந்தது. நீலத்தில் இலகு கியர் வேண்டுமென்றால் ஹேண்டிலில் இருக்கிற வலது பிரேக் நெம்பு முழுவதையும் விரலால் உள்பக்கம் தள்ள வேண்டும். நீண்ட தள்ளல் அது. நெம்பின் வெளிப்பக்கம் ஓரிடத்தில் மட்டும் வண்ணம் உரிந்திருந்தது. விரல் படுகிற இடமில்லை. உள்ளங்கையின் அடிப்பாகம் படுகிற இடம். கொஞ்ச நாள் உள்ளங்கையால் இடித்துத் தள்ளிப் பார்த்திருக்கிறாள். பிறகு அதுவும் முடியாமல் விட்டுவிட்டிருக்கிறாள்.

கடையைப் பூட்டிவிட்டு நேராக அவள் வேலை செய்யும் இடத்துக்குப் போனேன். ஆறு மாதத்துக்கு முன்னால் வரை ஊசி போட்டு ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தவள், கால் வலிக்கிறதென்று சொல்லி, அறிக்கை கொடுக்கிற கவுண்டருக்கு மாறியிருந்தாள். நானும் அதை நம்பியிருந்தேன். கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். ஒரு மெல்லிய காகித உறையை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து எடுத்து நீட்டினாள். விரல்கள் சும்மா இருந்தன.

பின்பக்கப் படிக்கட்டில் உட்கார்ந்து பேசினோம். மூட்டு வாதம், காலையில் எழுந்தால் விரல் மடங்குவதே இல்லை, மாத்திரை சாப்பிடுகிறேன் என்று மளிகைச் சாமான் பட்டியல் வாசிக்கிற மாதிரி சொன்னாள். எட்டு மாதமாம். எட்டு மாதமா என்று நான் போட்ட சத்தத்தில் உள்ளேயிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார். என் பலகைக்குப் பயந்துதான் சொல்லவில்லையா, தொட்டாலே கியர் மாறுகிற சிவப்பை மாட்டச் சொன்னால் நான் குதிப்பேன் என்று நினைத்தாயா என்று கேட்டேன்.

"உங்க பலகைய நான் என்னைக்கு மதிச்சிருக்கேன்?" என்று சிரித்தாள். அப்புறம் சிரிப்பு போய்விட்டது. "சொன்னா நீங்க எனக்காக மெதுவா ஓட்ட ஆரம்பிச்சிடுவீங்க. வலியக் கூடப் பொறுத்துக்கலாங்க. அத என்னால பாத்துட்டு இருக்க முடியாது. அதுக்கு நிறுத்திடறதே மேல்."

அப்படியெல்லாம் செய்யவே மாட்டேன் என்று சத்தியம் செய்தேன். சத்தியம் செய்வதில் எனக்கு என்ன கஷ்டம்?

நீலத்திலும் மின்சாரக் கியர் வந்துவிட்டது. ஆனால் அதில் இரண்டு பொத்தானும் ஒட்டினாற்போல இருக்கும், வீங்கின விரலுக்கு எது எதென்று பிடிபடாது. சிவப்பில் ஒரு கைக்கு ஒரே பொத்தான், அகலமாக, லேசாகத் தொட்டால் போதும். எனக்குத் தெரிந்துதான் இருந்தது. இத்தனை வருடம் திட்டுவதற்காகவே அதைப் பற்றி அக்கறையாகப் படித்து வைத்திருந்தேனே.

மச்சினன் கடைப் படியில் நான் கால் வைத்ததும் அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். வழி தவறி வந்துவிட்டீர்களா மாமா, ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளட்டுமா என்று ஆரம்பித்தான். விஷயத்தைச் சொன்னேன். கையில் இருந்த ஸ்பானரைக் கீழே வைத்தான். அக்காவுக்கு எந்த விரல் எவ்வளவு மடங்கும், நெம்பு எவ்வளவு தூரத்தில் இருந்தால் எட்டும் என்று கேட்டான். தெரியாது என்றேன். எந்தக் கை மோசம் என்று கேட்டான். அதுவும் தெரியாது.

"மொதல்ல அதப் பாத்துட்டு வாங்க மாமா" என்றான். கேலி செய்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் அவள் கையை விரித்து வைக்கச் சொன்னேன். கடையில் இரும்பு அளக்கிற வெர்னியரை எடுத்து வந்திருந்தேன். குளிர்கிறது என்று கையை இழுத்துக்கொண்டாள். அதை என் கைக்குள் வைத்துச் சூடாக்கிவிட்டு, ஒவ்வொரு விரலாக மடக்கச் சொல்லி, எங்கே வலி தொடங்குகிறதோ அங்கே நிறுத்தி அளந்து எழுதினேன். வலது மோதிர விரல் பாதிகூட மடங்கவில்லை. இடது கை பரவாயில்லை. எனக்குத் தெரியாமல் எத்தனை பாட்டில் மூடியை இந்தக் கை திறந்திருக்கும் என்று தோன்றியது. கல்யாணமாகிப் பதினெட்டு வருடத்தில் அந்தக் கையை அவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டு நான் உட்கார்ந்ததில்லை. அவளும் அவசரப்படுத்தவில்லை.

மறுநாள் பலகையைக் கழற்றிவிட்டு அவள் வண்டிக்குச் சிவப்பு மாட்டினேன். பாடம் ஒன்றே ஒன்றுதான். வலது பொத்தான் கனம், இடது பொத்தான் இலகு. நீலத்தில் வலது கையால் பெரிய நெம்பைத் தள்ளினால் இலகு, சிவப்பில் வலது கையைத் தொட்டால் கனம். தலைகீழ். வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, வேலை முடிந்து வருகிற போதெல்லாம் அதில் ஏறி உட்கார்ந்து நாலு நாள் பழகினாள். சனிக்கிழமைக்குள் கண்ணை மூடிக்கொண்டு மாற்றினாள்.

ஞாயிறு காலை மலைக்குப் போனோம். முதல் மூன்று வளைவும் உட்கார்ந்தபடியே ஏறினாள், கால்கள் சல்லென்று சுழன்றன. நான் பின்னால் வந்தேன். பார்த்துக்கொள்ளலாமே என்றுதான். நாலாவது வளைவில் சாலை திடீரென்று செங்குத்தாகிவிடும். எனக்குப் பதற்றம். "வலது தள்ளு, வலது, வலது" என்று கத்தினேன். இருபத்திரண்டு வருடம் வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் சொல்லிச் சொல்லி ஊறிப்போன வாய். அவள் பாட்டுக்கு இடது பொத்தானைத் தொடத்தான் போயிருக்கிறாள். என் குரலைக் கேட்டு வலது பொத்தானைத் தொட்டாள், மூன்று தடவை. வண்டி கல்லாகிவிட்டது. மிதியில் மாட்டிய காலைக் கழற்ற நேரமில்லாமல், நின்ற நிலையிலேயே பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தாள்.

ஓடிப்போய்த் தூக்கினேன். முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். நான் கையைத் தடவ, அவள் தட்டிவிட்டாள்.

"என் கை மாறிடுச்சு. உங்க வாய்தான் மாறல" என்றாள். கண்ணில் தண்ணீர். "நீங்க எங்க இருந்தீங்க? சொல்லுங்க. என் பின்னாடி. பதினாலு வருஷத்துல என்னைக்காவது நாலாவது வளைவுல என் பின்னாடி இருந்திருக்கீங்களா, தோத்துட்டு வர்ற அன்னைக்கித் தவிர? காவல் காக்கறீங்க. இதத்தான் வேணாம்னு சொன்னேன்."

சத்தியம் பண்ணி ஆறு நாள்கூட ஆகவில்லை.

"இனிமே வந்தா, ஜெயிக்க வாங்க. இல்லன்னா வீட்ல இருங்க. நான் தனியா ஓட்டிக்கறேன்" என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

அந்த வாரம் முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. வாய் மாற வேண்டுமென்றால் கை மாற வேண்டும். கை நீலத்தில் இருந்தால் வாய் எப்படிச் சிவப்பாகும்? புதன்கிழமை மச்சினனிடம் போய், இன்னொரு செட் வேண்டும் என்றேன். யாருக்கு என்று கேட்டான். எனக்கு என்றேன். அவன் சிரிக்கவில்லை, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னான். இரண்டு பேருமாக உட்கார்ந்து என் வண்டியிலிருந்து நீலத்தை ஒவ்வொன்றாகக் கழற்றினோம். கழற்றும்போது வலித்தது, பொய் சொல்வானேன்.

வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. ஞாயிறு காலை அவள் ஷூ மாட்டிக்கொண்டிருக்கும்போது என் வண்டியைப் பார்த்தாள். ஹேண்டிலைத் தொட்டுப் பார்த்தாள். பழகினீர்களா என்று மட்டும் கேட்டாள். மூன்று நாள் என்றேன். தலையை ஆட்டிவிட்டு முன்னால் ஏறிப் போய்விட்டாள்.

அடிவாரத்தில் எனக்குள் இருந்த நல்லவன் எல்லாம் போய்விட்டான். முதல் வளைவிலேயே அவளைத் தாண்டினேன். மனசாட்சியே இல்லாமல் மிதித்தேன், நுரையீரல் வாய்க்கு வந்தது. மூன்றாவது வளைவில் திரும்பிப் பார்த்தேன், இருபது அடி பின்னால் வந்துகொண்டிருந்தாள். இன்று நீதான் கழுவப் போகிறாய் என்று கத்தினேன். வாயை மூடிக்கொண்டு ஓட்டுங்கள் என்று பதில் வந்தது.

நாலாவது வளைவு. மூச்சு போச்சு, தொடை எரிந்தது. யோசிக்கிற தெம்பு இல்லாத அந்த நொடியில் வலது விரல் தானாகப் போய் அழுத்தியது. கனம். பதறி மறுபடி அழுத்தினேன். இன்னும் கனம். மிதி அசையவில்லை. வண்டியோடு சேர்ந்து ஓரத்துப் புல்லில் மரம் சாய்ந்த மாதிரி சாய்ந்தேன்.

அவள் வந்தாள். வேகம் குறையவில்லை.

"அடி பட்டுச்சா?"

"இல்ல. போ."

போய்விட்டாள். நிற்கவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உட்கார்ந்தபடி, இடது விரலால் லேசாக ஒரு தொடல், கால்கள் இன்னும் வேகமாகச் சுழன்றன. மேலே ஐந்தாவது வளைவில் அவள் மறைகிறவரை புல்லில் படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தேன். முழங்கால் எரிந்தது. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது, இரண்டையும் அடக்கவில்லை. பிறகு எழுந்து, அவளைப் பிடித்துவிடுகிற ஆத்திரத்தோடு மிதிக்க ஆரம்பித்தேன்.