நாலு வேடியப்பன்

வியாழக்கிழமை மதியம், மணிவேல் வாத்தியாரின் ஏழாம் வகுப்பில் பல்லவர்கள் போருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது, வேங்கிக்கால் தொல்லியல் அலுவலகத்திலிருந்து போன் வந்தது.

"சார், உங்க லெட்டருக்கு ஆர்டர் வந்துடுச்சு. நாளைக்குப் பத்து மணிக்கு வர்றோம். கல்லை மியூசியத்துக்கு எடுத்துனு போயிடலாம்" என்றார் அதிகாரி, பரிசு விழுந்த செய்தி சொல்வதுபோல.

"ரொம்ப சந்தோஷம் சார்" என்றார் வாத்தியார். போனை வைத்ததும் பல்லவர்களைக் கிளம்பவிடாமல் புத்தகத்தை மூடினார்.

இருபது வருஷமாக மைதா மாவும் பிரஷ்ஷும் பையில் வைத்துக்கொண்டு கீழ்பென்னாத்தூர் வட்டாரத்து ஏரிக்கரைகளில் கல்வெட்டு தேடி அலைகிறவர் அவர். பாதி ஊரில் புதையல் தேடுகிறவர் என்று பெயர். மீதி ஊரில் அந்தப் பெயர்கூட இல்லை. கரிக்கல்மேட்டு ஏரிக்கரையில் இடுப்பளவுக் கல் ஒன்று வேடியப்பன் சாமியாக நிற்கிறது. பூசை செய்கிற ஆராயி திருப்பதிக்குப் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேங்காய் நாரும் சோப்புத் தூளுமாக உட்கார்ந்து, தலைமுறை தலைமுறையாக அப்பிய மஞ்சளையும் எண்ணெயையும் தேய்த்து எடுத்தார். மாவைத் தடவியதும் எழுத்து வெள்ளையாக எழுந்து வந்தது. களவு போன மாடுகளை மீட்டு, அந்தச் சண்டையில் செத்த ஒருவனுக்கு ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னால் நட்ட கல். வாத்தியார் கொஞ்சம் அழுதார். பிறகு மளிகைக்கடை மஞ்சள் தூள் இரண்டு பாக்கெட் பூசி, திருடன்போல வீட்டுக்கு வந்து, போட்டோவோடு அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினார். இப்படிப்பட்ட கடிதங்களில் எப்போதும் வருகிற வரி ஒன்று உண்டு. கை தானாகவே எழுதிவிட்டது: 'கேட்பாரற்றுக் கிடக்கிறது.'

செவ்வாய்க்குச் செவ்வாய் பொங்கல் வைக்கிற கல்லைப் பற்றி!

சாயங்காலம் ஆராயி வீட்டுக்குப் போனார். அவள் வாசலில் மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். தேய்த்தது, எழுதியது, நாளைக்கு லாரி வரப்போவது எல்லாவற்றையும் பரீட்சையில் பார்த்து எழுதி மாட்டிக்கொண்டவன்போல ஒப்பித்தார்.

"மஞ்ச வேற வாசனையா இருக்குதேன்னு அப்பவே நெனச்சேன்" என்றாள். "இன்னா சார் எழுதியிருந்துச்சு?"

சொன்னார்.

"மாடு திரும்பி வந்துச்சா?"

"மீட்டான்னுதான் இருக்கு."

"ஆளு போயிட்டான், மாடு வந்துடுச்சு." கை நிற்காமல் உரித்தது. "நாளைக்கு நீங்களும் வந்துடுங்க சார்."

திட்டியிருந்தால் நிம்மதியாக வீடு வந்திருப்பார்.

"அடிப்பாங்களா?" என்று கேட்டாள் மனைவி எழிலரசி.

"தெரியல."

"அப்போ பழைய சட்டையே போட்டுனு போங்க."

காலையில் பழைய சட்டையோடு ஏரிக்கரை ஏறியவர் அப்படியே நின்றார். ஒரு வேடியப்பன் இருந்த இடத்தில், ராத்திரியோடு ராத்திரியாக, நான்கு வேடியப்பன் கற்கள் நின்றன. ஒரே உயரம். முகம் தெரியாமல் அப்பிய மஞ்சள், கழுத்துவரை சுற்றிய புது வேட்டி, ஆளுக்கொரு சாமந்தி மாலை. சுற்றிலும் ஊரே உட்கார்ந்திருந்தது. பொங்கல் பானைகள் கொதித்தன.

ஜீப் வந்தது, பின்னால் கிரேன் வைத்த லாரி. அதிகாரி போட்டோவைப் பார்த்தார், கற்களைப் பார்த்தார், மறுபடி போட்டோவைப் பார்த்தார்.

"துணியைக் கொஞ்சம் அவுக்கலாமாம்மா?"

"வேண்டுதல் துணி சார். மூணு நாளைக்குத் தொடக் கூடாது" என்றாள் ஆராயி. "தொட்டவங்க வீட்டுக்கு இன்னா ஆவும்னு நான் சொல்ல மாட்டேன்."

அதிகாரியின் கை தானாகப் பின்னால் போனது. "கேட்பாரில்லைன்னு எழுதியிருந்தீங்களே சார்" என்றார் தணிந்த குரலில். "சரி, எதுன்னு காட்டிட்டு இந்த ஃபாரத்துல ஒரு கையெழுத்துப் போடுங்க. தப்பா காட்டிட்டா, பின்னால உங்களுக்குத்தான் மெமோ வரும்."

வாத்தியார் நான்கின் முன்னாலும் நடந்தார். முதுகில் நூறு கண்கள் ஊர்ந்தன. இவர்களுக்காகத்தான் படித்தேன் என்று இருபது வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தது இப்போது கூச்சமாக இருந்தது. மாட்டை மீட்டுச் செத்தவனின் பெயரைக் கல்லில் படித்தவர் உலகத்திலேயே அவர் ஒருத்தர்தான். பொய் சொல்லிவிட்டால் அந்தப் பெயர் மறுபடி மஞ்சளுக்குள் போகும். உண்மையைச் சொன்னால், அவனே போவான், லாரியில்.

மூன்றாவது கல்லின் நெற்றியில் உள்ளங்கையை வைத்தார். ஈர மஞ்சள் குளிர்ந்தது. சுண்டுவிரலுக்கு அடியில் எழுத்தின் மெல்லிய பள்ளம் ஒன்று வளைந்து போனது. தடவாமலே தெரிந்தது, இதுதான் அவன்.

"இதுவா சார்?"

ஆராயி கற்பூரம் ஏற்றினாள். ஏரிக்காற்றில் சுடர் ஒருபக்கமாகச் சாய்ந்து, அணையாமல் நின்றது. வாத்தியாரின் கை கல்லிலேயே இருந்தது. மஞ்சள் நீர் மணிக்கட்டு வழியாக இறங்கி, பழைய சட்டையின் கைக்குள் மெல்லப் போய்க்கொண்டிருந்தது.