விரும்பிக் கேட்டவர்கள்

என் வீட்டுக்காரர் சடையப்பன் முப்பத்தோரு வருஷம் ரேடியோவில் அறிவிப்பாளராக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் உலக இசையை விட்டபாடில்லை. சிதம்பரத்தில் எங்கள் வீட்டு அடுப்படி வரைக்கும் ஆப்பிரிக்கா வந்துவிடும். நான் சட்னி அரைத்தால் மிக்சியைத்தான் நிறுத்தச் சொல்வார், பாட்டை நிறுத்தமாட்டார்.

இந்த வருஷம் கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்துக் கலைவிழாவில் அவருக்கு அரை மணி நேரம் கொடுத்தார்கள். விழாச் செயலாளர் என் தம்பி ஜெயப்பிரகாஷ். ஏழு வருஷம் அவன் உயிரை வாங்கிப் பெற்ற அரை மணி நேரம் அது. புதுச்சேரிக்கு வந்திருந்த மங்கோலியப் பாடகர் ஒருவரைக் காரில் ஏற்றிக்கொண்டு போனோம்.

மேடைக்குப் பின்னால் தம்பி கறாராகச் சொல்லிவிட்டான். "மாமா, அடுத்தது பட்டிமன்றம். சனம் அதுக்குத்தான் வந்துருக்கு. உங்க பாட்டுல கூட்டம் கலைஞ்சிதுன்னா இதான் கடைசி. அப்புறம் என்னைக் கேக்கக்கூடாது."

"கலையாது மச்சான்," என்றார் இவர். கை மட்டும் வேட்டி நுனியைக் கசக்கிக்கொண்டிருந்தது. எழுபது வயசில் வேறு யார் மேடை கொடுக்கப்போகிறார்கள்? எனக்குப் பாவமாக இருந்தது.

பாடகர் தொடங்கினார். ஒரே தொண்டையில் இரண்டு குரல். கீழே உறுமல், மேலே விசில். முன்வரிசையில் இருந்த விருத்தாம்பாள் அம்மா, "ஐயோ பாவம், தொண்டை கட்டிக்கிச்சி போல," என்று கைப்பையிலிருந்து பனங்கற்கண்டு எடுத்துக் கொடுத்தனுப்பினார். பாடகர் கும்பிட்டு வாயில் போட்டுக்கொண்டு இன்னும் பலமாக உறுமினார்.

பின்வரிசைகள் பஜ்ஜிக் கடைப் பக்கம் நகர ஆரம்பித்தன. எனக்கும் தலைவலி. செருப்பைத் தேடினேன்.

முதல் பாட்டு முடிந்ததும் இவர் மைக்கைப் பிடித்தார். பிரசங்கம் செய்து மிச்சக் கூட்டத்தையும் விரட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன். வந்தது பழைய ரேடியோ குரல்.

"அடுத்து வரும் மங்கோலியப் பாடலை விரும்பிக் கேட்டிருப்பவர்கள்: செம்மண்டலத்திலிருந்து கோவிந்தசாமி..."

கோவிந்தசாமி, வாரம் தவறாமல் இவருக்கு நேயர் விருப்பக் கார்டு போட்டவர். பஜ்ஜிக்கு நீட்டிய கையை மடக்கிக்கொண்டு திரும்பி வந்து உட்கார்ந்தார். தலையை வேறு ஆட்டினார்.

"வடலூரிலிருந்து திருநாவுக்கரசு, மற்றும் குடும்பத்தினர்..."

வாசலைத் தாண்டிய குடும்பம் அப்படியே திரும்பியது. தான் கேட்டதாக ஊரறியச் சொன்ன பாட்டை விட்டுவிட்டு எப்படிப் போவது? ஒருத்தரும் கேட்டிருக்கவில்லை என்பது வேறு விஷயம். கொஞ்ச நேரத்தில் பேர் எழுதிய துண்டுச்சீட்டுகள் தானாகவே மேடைக்குப் போக ஆரம்பித்தன. தம்பியும் ஓடினான். "மாமா, செயலாளர் பேரு விட்டுப்போச்சி பாருங்க."

கூட்டம்தான் நின்றுவிட்டதே, இனி நான் எதற்கு என்று எழுந்தேன். கல்யாணமான புதிதில் நானும் ஒரு கார்டு போட்டிருக்கிறேன். வீட்டு ஆள் பேரை வாசித்தால் கேட்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்று என் பேரை மட்டும் விழுங்கிய மனுஷன் இவர். அதை நான் மறந்ததில்லை.

"நிறைவாக," என்றவர் கொஞ்சம் நிறுத்தினார். "சிதம்பரத்திலிருந்து, என் மனைவி திலகவதி."

மைதானமே திரும்பிப் பார்த்தது. உட்கார்ந்தேன். மிச்சம் இருந்த இரண்டு பாட்டையும் முழுசாகக் கேட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். பாட்டு மட்டும் இன்னமும் எனக்குப் பிடிக்கவில்லை.