கிரவுண்டின் தென்மூலை

விறகை இறக்காமலே டிராக்டர் திரும்பி வந்தது. முனியன் வண்டியை வாசலுக்கு எதிரில் நிறுத்திவிட்டு இறங்கினார். மேலே கட்டையும் வறட்டியும் ஏற்றியபடியே இருந்தன.

"கிரவுண்டு கேட்டு பூட்டிக்கீதுண்ணா."

முத்துகிருஷ்ணன் ஷாமியானாவின் கீழ் உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து வருகிறவர்கள் எல்லாரும் பிடித்துப் பிடித்து, அவர் உள்ளங்கை ஈரமாகவே இருந்தது.

"சாவி யாரு கையில கீது?"

"கல்பனா அண்ணிகிட்டியாம். அந்த கோச்சு பொண்ணு ஷாரோன் சொல்லிச்சி. அண்ணிய கேக்காம தொறக்கக் கூடாதுன்னுது."

முத்துகிருஷ்ணன் எழுந்தார். மூன்று மணிக்குத் தம்பியை எடுக்க வேண்டும்.

சுகுமார் நேற்றுச் சாயங்காலம் பந்துப் பையை வண்டியில் ஏற்றும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். செங்கல்பட்டுக்கு எடுத்துக்கொண்டு போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. நாற்பத்தாறு வயது.

அந்தக் குடும்பத்தில் யாரையும் ஊர்ச் சுடுகாட்டுக்குக் கொண்டு போனதில்லை. சொந்த நிலத்தின் தென்மூலையில்தான் எரிப்பார்கள். தாத்தாவை, அப்பாவை, அம்மாவை. கல் நடுவதில்லை, மேடை கட்டுவதில்லை. அடுத்த போகத்துக்கு ஏர் ஓட்டிவிடுவார்கள். அந்த இடத்தில் மட்டும் பயிர் சற்றுக் கருத்து, ஒரு சாண் உயரமாக நிற்கும். பாகம் பிரித்தபோது அந்த ஒரு ஏக்கர் சுகுமாருக்கு வந்தது. நான்கு வருடத்துக்கு முன் அதில் கிராவல் அடித்து, மேலே மண் பரப்பி, புல் வளர்த்து, சுற்றிலும் வேலி போட்டான். சென்னைக் கம்பெனி ஒன்றிடம் பிரான்சைஸ் வாங்கி, சின்னப் பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுக்கும் இடமாக்கினான். தென்மூலைக்குப் பக்கத்தில் ஒரு கோல் போஸ்ட் வந்தது.

அன்றிலிருந்து முத்துகிருஷ்ணனிடம் ஒரே கேள்விதான். டீக்கடையில், உரக்கடையில், கல்யாணப் பந்தியில், தம்பியை எங்கே பார்த்தாலும் கேட்பார்.

"இன்னாடா, பந்து எவ்ளோ வெளஞ்சிச்சி?"

சுகுமாருக்குக் கோபம் வராது. "இந்த மாசம் ஏழு மூட்டைண்ணா. பதரு போவ நாலு."

அண்ணனுக்குப் புரியட்டும் என்று எல்லாவற்றையும் நெல் மூட்டையாக மாற்றிச் சொல்லுவான். பக்கத்தில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். அவனும் சிரிப்பான்.

கூடத்தில் ஐஸ் பெட்டி ஒரே சீராக இரைந்துகொண்டிருந்தது. சுகுமாரின் மனைவி கல்பனா அதன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அவள் மகள் கீர்த்தி, ஆறாவது படிக்கிறவள், பெரியம்மா கனகாவின் மடியில் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். முத்துகிருஷ்ணன் நிலைப்படியில் நின்று மனைவியைப் பார்த்தார். கனகா பிள்ளையின் தலையை மெல்லத் தலையணைக்கு மாற்றிவிட்டு, கல்பனாவைத் தோட்டத்துப் பக்கம் அழைத்து வந்தாள்.

"சாவி குடும்மா. கட்டைய எறக்கணும்."

கல்பனா துணி துவைக்கும் கல்லைப் பார்த்தபடி நின்றாள். அழுது அழுது குரல் கட்டிப்போயிருந்தது.

"அங்க வேணாம் மாமா."

"இன்னா வேணாம்?"

"அங்க எரிக்க வேணாம். ஏரிக்கரைக்கு எடுத்துக்கினு போங்க."

கனகா அவள் கையைப் பிடித்தாள். "கல்பனா, இந்த நேரத்துல இன்னா பேச்சு இது."

"இந்த நேரம் போச்சின்னா அப்புறம் பேசி இன்னாக்கா ஆவப்போவுது."

முத்துகிருஷ்ணன் குரலை உயர்த்தவில்லை. உள்ளே ஆட்கள் இருந்தார்கள். "நைனா அங்கதான் கீறாரு. அம்மா அங்கதான் கீது. இவன மட்டும் ஊரு சுடுகாட்டுல போட்டுட்டு வரச் சொல்றியா?"

"புள்ளைங்க வராது மாமா."

"ஏன் வராது? நைனாவ எரிச்ச எடத்துலதான இத்தினி நாளா ஆடிக்கினு கீதுங்க?"

"அது டவுன்காரங்களுக்குத் தெரியாது. இது தெரியும். பாதி பேரு இப்ப வாசல்லதான் நிக்கறாங்க."

கல்பனா மேலே பேசினாள். யாரோ சொல்லக் கேட்டுக் கேட்டு மனப்பாடமான பாடத்தைப் போல, ஏற்ற இறக்கம் இல்லாமல் சொன்னாள்.

"பிரான்சைஸுக்கு அஞ்சு லட்சம் கட்டினோம். மண்ணு, புல்லு, வேலி எல்லாம் ஏழாச்சி. என் நகை பேங்குல கீது. மொத வருசம் பதினாலு புள்ளைங்க. வர பீஸுல நூத்துக்குப் பதினஞ்சு கம்பெனிக்கு. புள்ளைங்க கம்மின்னு கோச்சுக்குச் சம்பளம் கம்மியா குடுக்க முடியாது. கரண்டு பில்லு கடை ரேட்டு. பரிச்சை வந்தா மூணு மாசம் பாதி புள்ளைங்க நின்னுடும், ஆனா புல்லு தண்ணி கேக்கும்."

"அவன் நாலு மூட்டை நிக்குதுன்னானே."

"பொய் மாமா."

கனகா நிமிர்ந்தாள்.

"மூணு வருசமா ஒண்ணும் நிக்கல. கையிலேர்ந்துதான் போட்டோம். அண்ணன் கேட்டா இன்னா சொல்றதுன்னு வண்டியில வரும்போதே ஒரு கணக்கு போட்டுக்கினு வருவாரு. ரொம்ப சொன்னா நம்ப மாட்டாரு, கம்மியா சொன்னா வருத்தப்படுவாருன்னு."

தோட்டத்து மூலையில் யாரோ பெரிய அண்டாவைக் கழுவிக் கவிழ்த்தார்கள். சத்தம் அடங்கும்வரை மூன்று பேரும் காத்திருந்தார்கள்.

"இந்தத் தையிலேர்ந்துதான் நெஜமா நிக்குது. அறுவத்தி நாலு புள்ளைங்க. எல்லாம் போவ மாசம் பத்து, பதினோராயிரம். கோடைக்கு கேம்ப் போட்டா நகைய மூட்டுடலாம்னாரு. அக்ரிமென்ட்ட என் பேருக்கு மாத்தித் தருவாங்களாம், காலையில கம்பெனிலேர்ந்து போன் பண்ணப்ப சொன்னாங்க. ரெண்டு மாசம் கிளாஸ் நடக்கலன்னா எடுத்துடுவாங்க. கட்டின பணம் வராது." அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "எல்லாத்தையும் வுட்டுட்டு நெல்லு போடலாம்னா, கிராவல்ல நெல்லு வராது மாமா."

"அவன் எதுனா சொன்னானா? தன்ன எங்க வெக்கணும்னு?"

"நாப்பத்தாறு வயசுல யாரு அதப் பேசுவா." சற்று நிறுத்தினாள். "சொல்லியிருந்தா, நானே போயி கேட்ட தொறந்து வுட்டிருப்பேன்."

முத்துகிருஷ்ணன் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டார். கட்டியது சரியாகத்தான் இருந்தது.

"அப்ப நானு?" என்றார்.

கேட்ட பிறகுதான் அந்தக் கேள்வி தனக்குள் இருந்தது அவருக்கே தெரிந்தது. தனக்குப் பதினைந்து வயது இளையவன், தன்னை அந்த மூலைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பான் என்று என்றைக்கோ முடிவு செய்து, பிறகு அதைப் பற்றி நினைக்காமலே இருந்துவிட்டார். கல்பனா அவரைப் பார்த்தாள். அவர் சாவியைக் கேட்காமலே முன்பக்கம் போனார்.

ஷாமியானாவில் எல்லப்பன் சித்தப்பா அவருக்காகப் பக்கத்து நாற்காலியில் துண்டைப் போட்டு வைத்திருந்தார்.

"மணி ஒண்ணாவுது. கட்டை எறங்கிச்சா?"

"எறங்கும்."

"எப்ப எறங்கும்? நெல்லு வெளஞ்ச நெலத்துல வேலியப் போட்டுப் பூட்டு வேற தொங்கவுட்டுக்கீறான். செத்தவன் போறதுக்கே சாவி தேட வேண்டிகீது."

அந்தப் பேச்சு முத்துகிருஷ்ணனின் பேச்சுதான். நான்கு வருடமாக அவர் சொல்லிச் சொல்லித்தான் சித்தப்பாவுக்கு வந்தது. இன்று கேட்க முடியவில்லை.

டவுன் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். பைக்கில், ஆட்டோவில். பிள்ளைகளை அழைத்து வந்திருந்தார்கள். பிள்ளைகள் நீல ஜெர்சியில் வந்திருந்தன. எந்தச் சட்டை போடுவது என்று தெரியாமல் பெற்றவர்கள் அதையே போட்டுவிட்டிருக்க வேண்டும். வரிசையாக உள்ளே போய், மாலையைப் பெட்டி மேல் வைத்து, வெளியே வந்து, செருப்பைத் தேடி நின்றார்கள்.

அவர் நாற்காலிக்குப் பின்னால் தபால் ஆபீசில் வேலை செய்யும் மேரி ஷாரோனிடம் தணிந்த குரலில் கேட்டாள்.

"அங்கியேதான் எரிக்கறாங்களாமே, நெஜமாவா?"

"தெரில மேடம். குரூப்புல எல்லாரும் கேட்டுக்கினே கீறாங்க. நான் ஒண்ணும் பதில் போடல."

"எனக்கு ஒண்ணுமில்ல ஷாரோன். சாரு அவ்ளோ பாத்துக்கினாரு இவள. ஆனா எங்க வூட்டுக்காரு ஒத்துக்க மாட்டாரு."

மேரியின் கையைப் பிடித்து நின்ற பெண் குழந்தை, எட்டு வயது இருக்கும், அம்மாவின் கையை ஆட்டியது.

"ம்மா, பந்து அங்க போச்சின்னா யாரு போயி எடுக்கறது?"

"சும்மா இரு."

"இல்ல, அந்தப் பக்கம்தான் நான் ஆடறது."

முத்துகிருஷ்ணன் திரும்பிப் பார்க்கவில்லை. சிறிது நேரம் எதிரே நின்ற டிராக்டரின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து போனார்.

"முனியா, வண்டிய எடு. ஏரிக்கரைக்கு."

முனியன் அவர் முகத்தைப் பார்த்தார். ஏறி உட்கார்ந்தார்.

எல்லப்பன் சித்தப்பாவுக்குக் காது நன்றாகக் கேட்கும். "டேய், இன்னாடா இது? யாரக் கேட்டு?"

"என்னியக் கேட்டுதான் சித்தப்பா."

"நம்ம வூட்டுல யாராவது அங்க போயிருக்கமா? உங்கப்பன் மூஞ்சில எப்பிடி முழிப்ப நாளைக்கு?"

"நான் அங்க போனாத்தான முழிக்கணும். எனக்கும் ஏரிக்கரைதான்."

பங்காளிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். டிராக்டர் கிளம்பியது. ஷாரோன் செல்போனை எடுத்து ஏதோ எழுத ஆரம்பித்தாள்.

மூன்றே காலுக்கு எடுத்தார்கள். பெண்கள் தெருமுனை வரை வந்து நின்றுவிட்டார்கள். கல்பனாவைக் கனகா பிடித்திருந்தாள். சுகுமாருக்கு மகன் இல்லாததால் முத்துகிருஷ்ணனின் மகன் தினேஷ்குமார் நெருப்புச் சட்டியோடு முன்னால் நடந்தான். ஒரகடத்துக் கம்பெனியில் ஷிப்ட் முடிந்து நேராக வந்தவன். சட்டி ஆடும்போதெல்லாம் புகை அவன் கண்ணுக்கே வந்தது. அவனுக்கும் முன்னால் மேளம். பாடைக்குப் பக்கத்தில் பங்காளிப் பையன் தமிழரசன் கூடையிலிருந்து பூவை வாரி வாரி ரோட்டில் இறைத்துக்கொண்டு வந்தான். செவ்வந்தி, ரோஜா, பொரி.

ஏரிக்கரைக்கு வேறு வழி கிடையாது. கிரவுண்டைத் தாண்டித்தான் போக வேண்டும்.

பச்சை வலை வேலி தொடங்கும் இடத்தில் முத்துகிருஷ்ணன் விரைந்து முன்னால் போய் மேளக்காரரின் தோளைத் தொட்டார். மேளம் நின்றது. பிறகு பின்னால் வந்து தமிழரசனின் கூடையில் கை வைத்தார்.

"பூ போடாத."

"ஏன் பெரிப்பா?"

"புள்ளைங்க நடக்கற எடம்."

தமிழரசன் கையில் அள்ளியிருந்ததைக் கூடையிலேயே போட்டான்.

எல்லாரும் நடந்தார்கள். தார் ரோட்டில் செருப்புகள் உரசும் சத்தம் மட்டும் கேட்டது. வேலிக்கு அந்தப் பக்கம் புல் மேல் தெளிப்பான் தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. யாரும் அதை நிறுத்த நினைக்கவில்லை போலிருக்கிறது. கேட்டுக்கு மேலே கம்பெனியின் பெயரும், அதன் கீழே சுகுமாரின் செல் நம்பரும் எழுதிய பலகை இருந்தது. தென்மூலையை அவர் பார்க்கவில்லை.

தூக்குகிறவர்கள் அடியெடுத்து வைக்கும்போதெல்லாம் பாடை குலுங்கியது. மாலைகளிலிருந்து பூ உதிர்ந்தது. ஒன்று, பிறகு இரண்டு மூன்று. முத்துகிருஷ்ணன் குனிந்து எடுத்தார். நான்கடி போய் மறுபடி குனிந்தார். அறுபத்தொரு வயது இடுப்பு ஒவ்வொரு தடவையும் பிடித்துக்கொண்டது. எடுத்ததை வேட்டி மடியில் போட்டுக்கொண்டார்.

"வுடுண்ணா, காத்துல போயிடும்," என்றார் பின்னால் வந்த முனியன்.

அவர் விடவில்லை. முனியனும் ரோட்டின் அந்தப் பக்கம் விழுந்ததைப் பொறுக்க ஆரம்பித்தார். பொறுக்கி அவரிடம் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு நசுங்கிய ரோஜாவைத் தாரிலிருந்து நகத்தால் பெயர்த்தெடுக்க வேண்டியிருந்தது.

வேலி முடிந்தது. மேளக்காரர் திரும்பிப் பார்த்தார். முத்துகிருஷ்ணன் தலையசைத்தார். மேளம் மறுபடி எழுந்தது. தமிழரசன் கூடையில் கைவிட்டு அள்ளி உயரே வீசினான்.

முத்துகிருஷ்ணன் மடியை ஒரு கையால் பிடித்தபடி நடந்தார். அதில் இருந்ததை அவர் இறைக்கவில்லை.