பதினேழில் முடியும் தொகை

என்னுடைய கருவிப்பெட்டி ஏலத்துக்கு வந்திருப்பதை ஒரு செவ்வாய்க்கிழமை மதிய இடைவேளையில் போனில் பார்த்தேன். வாயில் போட்ட கவளத்தை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. கறுப்பு இரும்புப் பெட்டி, உள்ளே மூன்று தட்டு, லென்ஸ் வளையம் கழற்ற நானே அரத்தில் தேய்த்துச் செய்த இரண்டு சாவிகள். விற்பவரின் பெயர் புதிதாக இருந்தது. ஆனால் படத்தின் ஓரத்தில் தெரிந்த மேஜையில் இஸ்திரிப்பெட்டி சுட்ட தழும்பு இருந்தது. அந்தத் தழும்பைப் போட்டவள் நான். அது எங்கள் பழைய வீட்டு மேஜை. விற்பது அவன்தான்.

அவன் என்றால் என் கணவன். பதினான்கு மாதத்துக்கு முன்பு வரை வாய் நிறைய "அவர்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அந்த மரியாதை வருவதில்லை, நானும் வரவழைப்பதில்லை.

இருவருக்கும் ஒரே தொழில். இணைய ஏலத்தில் பழுதான கேமராக்களை வாங்குவோம்; நான் சரி செய்வேன், அவன் விற்பான். ஏலம் கேட்கும் வேலையும் என்னுடையதுதான், ஏனென்றால் அவனுக்குப் பொறுமை கிடையாது. எவனோ நூறு ஏற்றினால் இவன் ரோஷப்பட்டு ஐந்நூறு ஏற்றுவான். பக்கத்தில் உட்கார வைத்து நான்தான் சொல்லிக்கொடுத்தேன். கடைசி வரைக்கும் நீ இருப்பதே யாருக்கும் தெரியக் கூடாது. எதிராளி ஜெயித்துவிட்டோம் என்று மூச்சு விடுவான் பார், அந்த நேரத்தில் போடு என்றேன். நல்ல மாணவன். ஒரு தடவை சொன்னால் போதும், பிடித்துக்கொள்வான்.

ஒருநாள் ஒரு கேமராவைக் கைதவறிக் கீழே போட்டுவிட்டேன். என் வலது கையை மேஜை இழுப்பறைக்குள் வைத்து, இழுப்பறையைச் சாத்தினான். மோதிர விரல் இன்றுவரை முழுதாக மடங்காது. கட்டுப் பிரிக்கும் வரை பொறுத்திருந்து, அவன் பார்சல் அனுப்பப் போன ஒரு மதியம் மகளையும் ஒரு பையையும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். பெட்டி எட்டு கிலோ. பெட்டியா பிள்ளையா என்று யோசிக்கிற நேரமா அது. எங்கே போனாலும் கண்டுபிடித்து வருவேன், வந்தால் இன்னொரு கையும் இருக்காது என்று அவன் பல தடவை சொல்லியிருக்கிறான். விளையாட்டுக்குச் சொல்கிற ஆள் இல்லை அவன். நாங்கள் இருக்கும் இடம் என் கூடப்பிறந்த அக்காவுக்கே தெரியாது.

இப்போது எனக்கு ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் வேலை. ஃப்ரேமுக்கு ஏற்றபடி கண்ணாடியைத் தேய்த்துப் பொருத்தித் தர வேண்டும். அறைக்கும் கடைக்கும் நடுவில் ஒரு திரை உண்டு. முன்னால் கல்லாவில் பில் போடும் அம்மாவை எல்லோரும் பில் அக்கா என்போம். வாய் கொஞ்சம் நீளம், மனசு அதைவிட நீளம். கருவி இருந்தால் கேமரா வேலையும் எடுத்துச் செய், ஒரு மூலையை உனக்கே விட்டுவிடுகிறேன் என்று முதலாளி சொல்லியிருந்தார். அந்தச் சாவிகள் கடையில் விற்பதில்லை. திரும்பச் செய்வதற்கு என் மோதிர விரல் ஒத்துழைக்காது. ஆசைதான், மறைப்பானேன். அந்தப் பெட்டி எனக்கு வேண்டியிருந்தது.

பில் அக்காவிடம் பாதிக் கதையை மட்டும் சொன்னேன். மீதியை அவரே என் விரலைப் பார்த்துப் புரிந்துகொண்டார். ஏலம் அவர் கணக்கில் கேட்பது, பார்சல் மூன்று மணி நேரப் பயணத்தில் இருக்கும் அவர் தம்பியின் பெயிண்ட் கடைக்குப் போவது என்று முடிவானது. என் பெயரோ என் ஊரோ எங்கேயும் வராது. ஒவ்வொரு ஓட்டையாகப் பார்த்துப் பார்த்து அடைத்தேன்.

இரண்டு ஓட்டை மட்டும் என்னிடமே இருந்தது. ஒன்று, நான் எப்போதும் ஆறு நொடி இருக்கும்போதுதான் தொகையைப் போடுவேன். இரண்டு நொடி இணையத்துக்கு, இரண்டு நொடி உறுதிதானா என்று கேட்கும் பொத்தானுக்கு, இரண்டு நொடி கை நடுங்குவதற்கு. இன்னொன்று, முழுத் தொகை போட மாட்டேன். ஜனங்கள் மூவாயிரம், நாலாயிரம் என்று முழுசாக நிற்பார்கள். கொஞ்சம் சில்லறை சேர்த்தால் அவர்களைத் தாண்டிவிடலாம். நான் சேர்க்கும் சில்லறை எப்போதும் பதினேழு. மகள் பிறந்த தேதி. யார் எந்த நொடியில் எவ்வளவு போட்டார்கள் என்ற பட்டியல் விற்பவனுக்குத் தெரியும் என்பதால், இந்தத் தடவை ஒன்பது நொடி இருக்கும்போது மூவாயிரத்து அறுநூற்று நாற்பத்திரண்டு என்று போட வேண்டும் எனத் தீர்மானித்து, ஒரு சீட்டில் எழுதிக் கணினியின் ஓரத்தில் ஒட்டி வைத்தேன். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

ஞாயிறு மாலை நாலு பத்துக்கு ஏலம் முடிகிறது. கடை அன்றைக்கு அரை நாள்தான். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, பின்னறைக் கணினி முன்னால் உட்கார்ந்தேன். பில் அக்கா பக்கத்தில் நின்றார். வாலு, அதாவது என் மகள், தரையில் படுத்து, லென்ஸ் சுற்றி வரும் தாளில் படம் போட்டுக்கொண்டிருந்தாள். அவளை வாலு என்று கூப்பிடுவது வீட்டுக்குள் மட்டும்தான். பள்ளியில் அது யாருக்கும் தெரியாது.

தொகை இரண்டாயிரத்து எண்ணூறில் நின்றது. ஒரு நிமிடம். நாற்பது நொடி. சீட்டில் எழுதிய தொகையைத் தட்டி வைத்துவிட்டுப் பொத்தானின் மேல் விரலை வைத்திருந்தேன். இருபது நொடி இருக்கும்போது யாரோ ஒருவர் நாலாயிரம் என்று முழுசாகப் போட்டார்.

என் தொகை செல்லாக்காசாகிவிட்டது. அழித்துவிட்டுப் புதிதாகத் தட்ட வேண்டும். பில் அக்கா ஏதோ சொன்னார், காதில் விழவில்லை. கை தானாகவே தட்டியது, தானாகவே காத்திருந்தது, தானாகவே அழுத்தியது. திரையில் பச்சை எழுத்து வந்தது. ஏலம் எங்களுக்கு. பில் அக்கா என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். வாலு தலையைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தாள்.

அதன் பிறகுதான் தொகையைப் பார்த்தேன். நாலாயிரத்துப் பதினேழு. பக்கத்தில் நேரம். முடிய ஆறு நொடி.

இடையில் புகுந்து நாலாயிரம் போட்டது யார் என்று அந்த நிமிடமே எனக்குத் தெரிந்துவிட்டது. அவசரப்படுத்தினால் ஆள் பழைய பழக்கத்துக்குத்தான் போவான் என்று அவனிடம் சொன்னதும் நான்தான். விற்கிறவனே வேறு பெயரில் ஏற்றிவிட்டு, என் கை என்ன செய்கிறது என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

இருந்தாலும் மனசு சும்மா இருக்குமா. பதினேழு யாருக்கு வேண்டுமானாலும் தோன்றும் என்று இரவெல்லாம் எனக்கு நானே சமாதானம் சொன்னேன். மறுநாள் காலை கடைக்குப் போனதும் பில் அக்கா போனை நீட்டினார். அவர் கணக்குக்கு விற்பவனிடமிருந்து ஒரு செய்தி வந்திருந்தது.

"ஆறு செகண்ட். பதினேழு. நீ மாறவே இல்ல. வாலு எவ்ளோ உயரம் வளந்திருக்கா?"

நான் முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அவனுக்கு ஊர் தெரியாதே, பெயிண்ட் கடைக்குப் போய்த் தேடட்டும் என்று பில் அக்கா தைரியம் சொல்லிக்கொண்டே வந்தவர், நடுவில் பேச்சை நிறுத்தினார். முகம் மாறியது. போன வருடம் கடையின் பழைய கண்ணாடி ஸ்டாண்டை இதே கணக்கில்தான் விற்றிருக்கிறார். அந்தப் படம் இன்னும் அங்கேயே இருக்கிறது. ஸ்டாண்டின் தலையில் கடையின் பெயரும் போன் நம்பரும் பளிச்சென்று தெரிந்தன.

அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. ஒன்பது நொடியை ஆறாக்கியது அவர் இல்லையே.

அன்றிலிருந்து நான் பட்ட பாட்டை என்னவென்று சொல்வது. வாலுவைப் பள்ளிக்குத் தினம் ஒரு வழியாகக் கூட்டிப்போனேன். ஏம்மா சுத்திப் போறோம் என்று கேட்டால், நடந்தால் உடம்புக்கு நல்லது என்றேன். கடையில் கதவு மணி அடிக்கும்போதெல்லாம் குனிந்து திரைக்கு அடியில் செருப்பைப் பார்ப்பேன். அவனுக்கு இடது செருப்பின் குதிகால் மட்டும் சாய்ந்து தேயும். ஒரு நாளைக்கு நாற்பது ஜோடிக் கால்கள் வரும். நாற்பது தடவை செத்துப் பிழைப்பேன். இரண்டு கண்ணாடிகளை அளவு தப்பாகத் தேய்த்து வீணாக்கினேன்.

அவன் வரவில்லை. பெட்டி வந்தது. பெயிண்ட் கடைத் தம்பி பஸ்ஸில் போட்டு அனுப்பியிருந்தார். உள்ளே எல்லாம் இருந்தன. சாவிகளுக்கு எண்ணெய் கூடப் போட்டிருந்தான். எதையாவது உடைத்து அனுப்பியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அந்த எண்ணெய்தான் என்னைப் பயமுறுத்தியது. பெட்டியை மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டேன், தொடவில்லை.

ஒரு வாரம் போனது, இரண்டு போனது. பத்தொன்பதாம் நாள் மதியம் பில் அக்கா ஒரு வாடிக்கையாளரைப் போல நடித்துக் காட்டினார். கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றி வைத்துக்கொண்டு கண்ணாடியைக் காணோம் என்று சண்டைக்கு வந்தவர் அவர். நான் சிரித்துவிட்டேன், வாய்விட்டு, கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும்.

"இப்படியே இரு. அவன் வர்றவனா இருந்தா இந்நேரம் வந்திருப்பான்" என்றார்.

எனக்குச் சிரிப்பு அப்படியே நின்றது. நான் மூச்சு விட ஆரம்பித்துவிட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது. எதிராளி மூச்சு விடுகிற நேரத்தில்தான் போட வேண்டும்.

யாராவது போன் பண்ணினார்களா என்று கேட்டேன். எத்தனையோ பேர் பண்ணுவார்கள் என்றார். விடாமல் கேட்டேன். கொஞ்சம் யோசித்தார்.

"காலைல ஒருத்தர் பண்ணாரு. கேமரா லென்ஸ் ரிப்பேர் பாப்பீங்களான்னு கேட்டாரு. உனக்குப் புது வேலையாச்சேன்னு, எங்ககிட்ட ஒரு பொண்ணு இருக்கு, நல்லா பாக்கும்னு சொன்னேன்."

"என்ன சொன்னாரு?"

"ரொம்ப மரியாதையாத்தான் பேசினாரு. நாளைக்குக் கடை மூடுற நேரத்துக்கு வர்றேன்னாரு." சொல்லச் சொல்ல அவர் குரல் இறங்கியது. "ஐயோ, நான் என்னடி பண்ணிட்டேன்" என்றார்.

இன்றைக்கே பையைக் கட்டு, வாலுவை அழைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடு என்று உடம்பு சொன்னது. எந்த ரயில் என்றாலும் சரி. ஆனால் எங்கே போனாலும் ஒருநாள் நான் சிரிப்பேன் அல்லவா. அவன் அதுவரைக்கும் காத்திருப்பான். காத்திருக்கக் கற்றுக்கொடுத்த பாவத்துக்கு எத்தனை ஊர் மாறுவது.

ஏலத்தில் நான் தோற்றது ஒரே வகை ஆளிடம்தான். ஏலம் தொடங்கிய அன்றைக்கே தன்னால் முடிந்த உச்சத் தொகையைப் போட்டுவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விடுவார்கள் சிலர். கடைசி நொடிக்காரர்களால் அவர்களை ஒன்றும் செய்ய முடியாது. விவரம் கெட்டவர்கள் என்று அவர்களைக் கேலி செய்திருக்கிறேன். தோற்ற எரிச்சலில் செய்த கேலி அது.

பில் அக்காவின் போனில் இருந்த செய்தியைக் கடைப் பிரிண்டரில் எடுத்தேன். விரலுக்கு எடுத்த எக்ஸ்ரே வீட்டில், துணிக்கு அடியில் இருந்தது. அதையும் எடுத்துக்கொண்டு, பில் அக்காவைப் பள்ளி வாசலில் வாலுவுக்குக் காவல் வைத்துவிட்டு, இரண்டு தெரு தள்ளியிருக்கும் காவல் நிலையத்துக்குப் போனேன். பதினான்கு மாதமாக அந்தக் கட்டடத்தைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் போய் நடப்பேன். பெயர் கொடுத்தால் எங்காவது ஒரு காகிதத்தில் நான் இருப்பேன், காகிதத்தில் இருந்தால் அவன் கண்ணில் படுவேன் என்ற பயம். இப்போது அவன் கண்ணில் படாத பகுதி என்று என்னிடம் எதுவும் மிச்சமில்லை.

மேஜையில் இருந்த பெண் காவலர் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். செய்தியை இரண்டு தடவை படித்தார். கெட்டவர் இல்லை, வேலை அதிகம், அவ்வளவுதான். நாளைக்கு வரட்டும், வந்து ஏதாவது செய்தால் உடனே போன் பண்ணுங்கள் என்றார்.

"நாளைக்கு அவன்தான் ஜெயிப்பான் மேடம். இன்னைக்கே எழுதிக்குங்க. நான் எல்லாத்தையும் சொல்றேன்" என்றேன்.

அவர் என் முகத்தையும் பிறகு என் விரலையும் பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு, உள்ளே இருந்த ஒருவரை அழைத்து, நாளைக்கு மாலை அந்தக் கடைக்கு இரண்டு பேர் வேண்டும், மூடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போய் உட்கார வேண்டும் என்றார். என்னிடம் ஒரு படிவத்தைத் தள்ளினார்.

என் பெயரை முழுதாக எழுதினேன். அடுத்த கட்டத்தில் முகவரி. பேனா அங்கே நின்றது. வாசலில் யாரோ செருப்பைத் தேய்த்துக்கொண்டு ஏறி வந்தார்கள். நான் குனிந்து பார்க்கவில்லை. தெருப் பெயரையும், மாடியையும், சொந்த அக்காவுக்கும் சொல்லாத கதவு எண்ணையும் எழுதினேன். மோதிர விரல் மடங்காததால் எழுத்து கோணல் மாணலாக வந்தது. எண் புரியவில்லை என்று அவர் கேட்டார். நான் சத்தமாகச் சொன்னேன்.